தண்ணீர் தங்காத பெஞ்சு

பலா மரத்தை அறுத்த அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். வாள் விலகியதும் உள்ளே பளிச்சென்று மஞ்சள். மோரின் என்ற சாயப்பொருள்தான் காரணம். பர்மா, தாய்லாந்துப் பக்கம் புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் ஏற்ற இந்த மரத்தின் சிராயைத்தான் தண்ணீரில் கொதிக்கவைத்தார்கள். காற்றும் வெயிலும் படப்பட அந்த மஞ்சள் கறுத்து, சில வருடங்களில் செம்பழுப்பாகிவிடும். அதன் பிறகு தேக்குக்குப் பக்கத்தில் வைத்தாலும் குறைச்சலாகத் தெரியாது.

பண்ருட்டி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பழம். சங்கீதக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கட்டை. இந்தச் செம்மண்ணில் வளர்ந்த பலாவுக்கு மிருதங்கக்காரர்களிடம் தனி மரியாதை. நல்ல அடிமரத்தை அவர்கள் பார்த்து எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் கொம்பும் பக்கப்பலகையும்தான் நிலை, ஜன்னல், கட்டில் என்று ஆசாரிமார் பட்டறைக்கு வருகின்றன. காடாம்புலியூருக்கு அருகில் அப்படியொரு பட்டறையில், வீட்டு வாசலில் வெட்டவெளியில் போடுவதற்கு ஒரு பெஞ்சு செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கூரைக்கடியில் கிடக்கும் பெஞ்சென்றால் போயிருக்க மாட்டேன். வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் மரவேலையில்தான் ஒரு தச்சரின் அறிவு முழுதாக வெளியே வரும் என்பது என் எண்ணம்.

பட்டறை என்பது நாலு கால் நட்டு ஓலை வேய்ந்த கொட்டகைதான். பெரியவருக்கு எழுபதை நெருங்கும் வயது. கூட அவர் மருமகன். இழைப்பதற்கும் உப்புத்தாள் போடுவதற்கும் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன். பெஞ்சு கேட்டிருப்பது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். வீட்டை இடித்துக் கட்டும்போது திண்ணையை எடுத்துவிட்டார்கள். காரை நிறுத்த இடம் வேண்டியிருந்தது. இப்போது சாயங்காலம் பேச வருபவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளிருந்து எடுத்து வந்து போடவேண்டியிருக்கிறதாம். பல ஊர்களில் பெஞ்சு செய்யச் சொல்கிறவர்களின் கதை இதுதான்.

ஆசிரியர் தானே ஒரு பலகையும் அனுப்பியிருந்தார், போன மாதம் அவர் கொல்லையில் வெட்டிய பலா. பெரியவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார், விரல் முட்டியால் தட்டினார், திருப்பி அனுப்பிவிட்டார். "பச்ச மரம் தம்பி. சத்தம் மொத்துனு வருது பாருங்க. இதுல பெஞ்சு செஞ்சா தையில அது ஒரு பக்கம் போவும், காலு ஒரு பக்கம் போவும்." மரம் காய்வதற்கு அவர் வைத்திருக்கும் கணக்கு, ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம். தச்சர்கள் பல நாடுகளிலும் சொல்லும் கணக்கு இது. காயும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. அகலவாக்கில்தான் சுருங்குகிறது. அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய வாக்கில் சுருங்குவதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. பலகை வளைவதும் பிளப்பதும் இந்த ஏற்றத்தாழ்வினால்தான்.

கொட்டகைக்குப் பின்னால் அவருடைய சேமிப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. ஒரு தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்ட மரங்கள். "அன்னிக்கு ஊரெல்லாம் கட்ட. வாங்குறதுக்குத்தான் ஆளில்ல" என்றார். கையிலிருந்த பணத்துக்கு வாங்கி அறுத்து, பலகைக்குப் பலகை குச்சி கொடுத்து அடுக்கி வைத்தார். அந்த அடுக்கிலிருந்து இன்னமும் எடுத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத் தோப்பை இழந்தவர்களின் மரம் இது என்பதை அவர் மறக்கவில்லை. எந்தப் பலகை யார் தோப்பு மரம் என்று சொல்கிறார்.

அடுக்கிலிருந்து எடுத்த பலகையிலும் முதல் வேலை வெள்ளையைக் கழிப்பது. பட்டையை ஒட்டிய வெளிர்ப்பகுதியைத்தான் வெள்ளை என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது மரம் உணவைச் சேர்த்து வைத்திருந்த பகுதி அது; கரையானும் வண்டும் அங்கேதான் முதலில் வாய் வைக்கும். வைரம் பாய்ந்த பாகத்தில் அவ்வளவு லேசில் பூச்சி ஏறாது. மருமகன் கோடு போட்டு ஒரு விரல் அகலத்துக்கு மேல் அறுத்துத் தள்ளியபோது எனக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெஞ்சின் அளவில் அதிசயம் ஒன்றுமில்லை. உயரம் 18 அங்குலம், வயதானவர்கள் முழங்காலைப் பிடிக்காமல் எழுந்திருக்க. நீளம் 4 அடி. உட்காரும் பரப்புக்கு 3 அங்குல அகலத்தில், 1¼ அங்குலக் கனத்தில் ஐந்து பட்டைச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் இரண்டு நூல் இடைவெளி. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால் மொத்த அகலம் சரியாக 16 அங்குலம் வரும். கால்கள் 2½ அங்குலச் சதுரம். சாய்மானம் கிடையாது. இந்த அளவைக் குறித்துக்கொண்டு யாரும் வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் அளவில் இல்லாத சில விஷயங்களில்தான் பெஞ்சின் ஆயுள் இருக்கிறது.

அவற்றில் ஒன்று கழுந்தும் துளையும். காலில் துளை, கால்களை இணைக்கும் சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும் கழுந்து. பெரியவர் துளையைத் தாமே முடித்தார். பட்டறையில் துளைபோடும் மின்கருவி இருக்கிறது. மருமகன் அதில்தான் உள்ளே இருக்கும் மரத்தை எடுத்துவிடுகிறார். ஓரங்களை நேராக்குவது மட்டும் உளியும் கொட்டாப்புளியும்தான். பிறகு பெரியவர் ஒரு நுட்பம் செய்தார். கழுந்தை வெளியே வைத்துவிட்டு, காலின் குறுக்கே மூன்று நூல் கனத்தில் ஆணித்துளை போட்டார். கழுந்தை உள்ளே நுழைத்தார். துளை வழியாகக் கூர்நுனியால் ஒரு புள்ளி வைத்தார். கழுந்தை வெளியே இழுத்து, புள்ளி விழுந்த இடத்தில் துளை போடாமல், அதிலிருந்து அரை நூல் சட்டத்தின் பக்கமாகத் தள்ளிப் போட்டார். ஏன் என்று நான் கேட்கும் முன்னரே, கருவேலங்கட்டையைச் சீவி நுனி மெலிந்த ஆணி ஒன்றை எடுத்தார். மறுபடி கழுந்தை நுழைத்து ஆணியை அடிக்க அடிக்க, துளைகள் இரண்டும் நேருக்கு வர வேண்டி கழுந்து காலுக்குள் இழுபட்டது. சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இருந்த சந்து, என் கண்ணெதிரே மூடிக்கொண்டது. கடைசி அடியில் கொட்டாப்புளியின் சத்தமே மாறிவிட்டது. "இதுக்குப் பசை வேணாம்" என்றார். பசை விட்டுப்போனாலும் இந்த மூட்டு விடாது.

தண்ணீரைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகு. மழையில் நனைவதால் மரம் கெடுவதில்லை, நனைந்த மரம் காய முடியாமல் போனால்தான் கெடும் என்பது அவர் கட்சி. மர அறிவியலும் அதையேதான் சொல்கிறது. மரத்தின் ஈரம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் எப்படி வெளியே போகும் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார். சட்டங்களுக்கு நடுவே விட்ட இரண்டு நூல் அதற்குத்தான். ஒவ்வொரு சட்டத்தையும் முனையில் வளையங்களைப் பார்த்து, வைரப்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைக்கிறார். காயக்காய வளையங்கள் நிமிரப் பார்க்கும்; பட்டைப்பக்கம் குழியும், வைரப்பக்கம் மேடாகும். மேடு மேலே இருந்தால் தண்ணீர் இருபுறமும் வழிந்துவிடும். தலைகீழாக வைத்தால் ஒவ்வொரு சட்டமும் ஒரு வாய்க்கால்.

சட்டங்களைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பை இரு பக்கமும் சரித்துச் சீவினார். மரமும் மரமும் அகலமாக ஒட்டிக்கிடக்கும் இடத்தில் ஈரம் நாள் கணக்கில் நிற்கும் என்பதால், தொடும் இடத்தைக் குறுக்கிவிட்டார். திருகாணிகள் எல்லாம் கீழிருந்து மேலே ஏறின. மேலிருந்து போட்டால் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் ஒரு குழி, குழிக்குள் தண்ணீர். எவர்சில்வர் திருகாணியைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. வெட்டவெளியில் சாதா இரும்பு சீக்கிரம் துருவேறி உப்பும். உப்பிய துரு சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். கீழே கால்களை இணைக்கும் சட்டத்துக்கான துளையை மறுபக்கம் வரை திறந்தே விட்டார். அடைபட்ட துளைக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் கால்களின் அடிப்பாகம். மரம் வேரிலிருந்து நீரை ஏற்றிய குழாய்கள் வெட்டுமுனையில்தான் வாய் திறந்து நிற்கின்றன. பலகையின் முகம் குடிப்பதைப்போல் பல மடங்கு தண்ணீரை அந்த முனை குடித்துவிடும். நான்கு கால்களின் அடியையும் முந்திரிக்கொட்டை எண்ணெயில் ஊறவைத்தார்கள். தோணிகளுக்குப் பூசி வந்த அதே எண்ணெய். பண்ருட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. முந்திரி உடைத்த தோட்டிலிருந்து கிடைப்பது.

அந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்ததும் பெரியவரின் மனைவி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பல வருடங்கள் முந்திரி உடைக்கப் போனவர். "கையில பட்டா தோலு வழண்டுடும் தம்பி" என்று விரல்களை நீட்டிக் காட்டினார். நுனிகள் கறுத்து, ரேகை மழுங்கிப் போயிருந்தன. சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்களாம், அதையும் மீறி எண்ணெய் கடித்துவிடும். நாம் பாயசத்தில் போடும் பருப்புக்கு அந்தப் பெண்கள் கொடுக்கும் விலை இது. கையுறை கொடுக்கும் முதலாளிகள் இன்னும் அதிகமாக வேண்டும் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை. பெஞ்சில் அந்த எண்ணெய் கால் அடியோடு சரி. உடம்பு படும் மேற்பரப்புக்கு ஆளிவிதை எண்ணெய்தான். மெல்லிசாக, துணியால் தேய்த்து, காயவிட்டு, மறுபடியும். வீட்டில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள். வார்னிஷ் வேண்டாமா என்று கேட்டேன். வெயிலில் வார்னிஷ் வெடித்து, வெடிப்பு வழியே போன தண்ணீர் அடியில் மாட்டிக்கொள்ளும், சுரண்டி எடுப்பதற்குள் பிராணன் போகும் என்றார்.

வேலை முடிந்து டீ குடிக்கும்போது மருமகன் பேசினார். வருடத்தில் பாதி நாள் அவர் சென்னையில், அடுக்குமாடி வீடுகளுக்கு பிளைவுட் அலமாரி பொருத்தும் வேலையில். கூலி ஒழுங்காக வருகிறது. ஊரில் நிலைக்கதவு வேலை குறைந்துவிட்டது. இரும்புக் கதவும் யுபிவிசி ஜன்னலும் கடையிலிருந்தே வந்து இறங்குகின்றன. 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் 25 விழுக்காடு மானியமும் உண்டு என்று அவருக்குத் தெரியும். "கருவி வாங்கிடலாம் சார். அதுல செய்யறதுக்கு வேல வரணுமே." இதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. துளை எடுக்கும்போது பெரியவருக்கு அருகில் நின்று பார்த்துக் கற்றவர் அவர். ஒரு வருடத்தில் பத்துப் பெஞ்சு வந்தால் சென்னைக்குப் போகும் மாதங்கள் குறையும் என்று அவரே கணக்கு வைத்திருக்கிறார்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம். கழுந்து எடுக்க வராவிட்டால் காலையும் சட்டத்தையும் பாதிப்பாதி வெட்டிப் பொருத்தி, எவர்சில்வர் போல்ட் போட்டு முடுக்குங்கள், உறுதிக்குக் குறைவிருக்காது. பலாதான் வேண்டும் என்பதில்லை. காய்ந்த வேம்பு, வேங்கை, இடித்த வீட்டின் தேக்குச் சட்டம், எது கிடைத்தாலும் வெள்ளையைக் கழித்துவிட்டு எடுங்கள். கால்களை மண்ணில் நிறுத்தாமல் கருங்கல் துண்டின் மேல் வையுங்கள்.

செய்ய நேரமில்லாதவர்கள் உங்கள் ஊர்த் தச்சரைக் கூப்பிடுங்கள். இந்தப் பெஞ்சுக்கு இரண்டு ஆளுக்கு மூன்று நாள் வேலை. அந்தக் கூலியைக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மறக்காமல் எண்ணெய் தேய்த்துவிடுங்கள்.