புளிக்கடைத் தாட்சண்யம்

மாசி மாதத்து முற்பகல் ஒன்றில், சாணார்பட்டியில் நத்தம் பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்து, வெயிலுக்கு ஒதுங்குவதற்காக ஒரு புளிக்கடைக்குள் நுழைந்தேன். ஒரு கிழவிக்கு இரண்டு கிலோ புதுப்புளி நிறுத்துக்கொண்டிருந்த வியாபாரி, தராசு முள் நடுவில் வந்து நின்ற பிறகும் திருப்தியடையாமல், தட்டிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துவிட்டு மறுபடியும் முள்ளை உற்று நோக்கினார். "சித்த எறக்கிப் போடேன்ப்பா" என்று கிழவி கெஞ்ச, "தயவு தாட்சண்யம் பாத்தா யாவாரம் ஓடாது அப்பத்தா" என்றார். பிறகு புளியைப் பையில் கொட்டிக் காசை எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, குவியலிலிருந்து ஒரு கை நிறைய அள்ளி, "இந்தா, இது கொசுறு" என்று அதே பையில் திணித்தார். கிள்ளி எடுத்ததைவிட அள்ளிக் கொடுத்தது இருபது பங்காவது இருக்கும்.

அந்த மனிதருடைய கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் உச்சரித்த சொல் என்னோடு பஸ் ஏறிவிட்டது. தாட்சண்யம் என்றால் முகத்துக்கு அஞ்சி விட்டுக்கொடுக்கும் பலவீனம் என்றே நாம் பெரும்பாலும் பொருள் கொள்கிறோம். வடமொழியிலோ அதன் பிறப்பு வேறு. தக்ஷிணம் என்பது தெற்கு மட்டுமன்று. வலப்பக்கமும் அதுவே, திறமையும் அதுவே. ஆகையால் தாக்ஷிண்யம் என்ற சொல்லுக்குள் இரக்கத்தோடு வலக்கையின் சாமர்த்தியமும் சேர்ந்தே குடியிருக்கிறது. இரண்டையும் பிரித்து இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு அதையும் ஏளனம் செய்யக் கற்றுக்கொண்டது நம்முடைய கைங்கரியம்.

வள்ளுவர் பிரிக்கவில்லை. கண்ணோட்டம் என்று தாட்சண்யத்துக்குப் பெயரிட்டு, துறவிகளும் இல்லறத்தாரும் உலவும் அறத்துப்பாலில் அதை வைக்காமல், பொருட்பாலில் 58-ஆம் அதிகாரமாக, அரசன் குடிகளை அச்சுறுத்தலாகாது என்னும் அதிகாரத்துக்கும் ஒற்றர்களை ஏவும் அதிகாரத்துக்கும் இடையில் கொண்டுபோய் உட்காரவைத்தார். காரியம் கெடாமல் கண்ணோடத் தெரிந்தவனுக்கே உலகம் உரியது என்ற கருத்தையும் அங்கேதான் சொல்கிறார். இந்த அதிகாரம் உட்பட முப்பாலையும் ஆங்கிலமாக்கி 1886-ல் வெளியிட்ட ஜி.யு. போப் ஐயர், தம் பள்ளிக்கூடங்களில் கண்டிப்புக்கும் பிரம்புக்கும் பேர்போனவர் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. கண்ணோட்டத்தை அழகாக மொழிபெயர்ப்பது ஒன்று, கண்ணோடுவது வேறொன்று.

சில நாள் கழித்து ஒரு தேவாலயத்தில் கேட்ட பிரசங்கத்தில் போதகர், ஊழியக்காரன் தைரியத்தை ஒரு தட்டிலும் தயவை மறு தட்டிலும் வைத்து முள் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். மனம் புளிக்கடைக்கு ஓடியது. அங்கிருந்து, சிறுமலைக்கு அந்தப் பக்கம், காந்திகிராமத்தில் பிற்காலத்தில் உழைத்த ஓர் அமெரிக்கரிடம் போய் நின்றது.

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் 1925-ல் மதுரை அமெரிக்கன் மிஷனுக்கு வந்தவர். அந்நாளில் அமெரிக்க மிஷனரிகள், சர்க்காருக்கு விரோதமான காரியங்களில் தலையிடுவதில்லை என்று உறுதிமொழி கொடுத்த பிறகே இந்நாட்டில் ஊழியம் செய்யலாம். கெய்த்தான் கதர் உடுத்தினார். அதுவே மேலிடத்துக்கு உறுத்தலாக இருந்தது. 1930-ல், உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்த வருஷத்தில், ரெஜினால்ட் ரேனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் அவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். மார்ச் 2-ஆம் தேதியிட்டு வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தை டில்லிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த குவேக்கர் அவர்தான். அவரைக் கெய்த்தான் தம் வீட்டில் தங்கவைத்த விஷயம் அதிகாரிகளின் காதுக்கு எட்டிற்று. சர்க்கார் மிஷனை நெருக்க, கெய்த்தான் மூட்டை கட்ட நேர்ந்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப நின்றுவிடுகிற இடம் ஒன்று உண்டு. அவர் கலெக்டர் கச்சேரியின் முன் கோஷமிட்டவரல்லர். வந்தவனுக்குப் படுக்கை விரித்து இலை போட்டார். ஒரு சாம்ராஜ்யத்தைச் சினங்கொள்ளச் செய்ய அது போதுமானதாயிருந்தது. அந்த இலையில் எது தைரியம், எது தயவு என்று எந்தத் தராசில் வைத்துப் பிரிப்பது? போதகரின் இரண்டு தட்டுகளும் அங்கே ஒரே தட்டாகிவிடுகின்றன. தட்டிக் கேட்பதே தைரியம் என்று எண்ணுகிற நமக்கு, ஒருவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது தைரியமாகத் தோன்றுவதில்லை. சந்தேகமிருந்தால், ஊரே ஒதுக்கிவைத்தவனை ஒருநாள் சாப்பாட்டுக்கு அழைத்துப் பார்க்கலாம்.

கெய்த்தானைப் போலவே கதர் உடுத்திய இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். 1932-ல் சென்னையில் கதர் உடையில் நின்றிருந்த டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டன் போலீஸ் தடியடிக்கும் வர்ணத் தண்ணீருக்கும் ஆளானார். அந்தச் சங்கதி பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை போனது. 1921-ல் திருப்பத்தூரில் டாக்டர் ஜேசுதாசனோடு கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய ஸ்காட்லாந்துக்காரர் அவர். ஆனால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் துரை என்றோ டாக்டர் என்றோ கூப்பிடாமல், ஜேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் இவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். அடி வாங்கியவர் என்பதற்காகக் கிடைத்த பட்டமன்று அது.

இடையில் திரும்பி வந்திருந்த கெய்த்தானை 1944-ல் இரண்டாம் முறையும் வெளியேற்றினார்கள். சுதந்திரத்தை ஒட்டி மறுபடியும் வந்து, 1947-ல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்திலும், வத்தலக்குண்டுப் பக்கத்திலும் கிராமத்து ஜனங்களோடு பல்லாண்டுகள் பாடுபட்டார். பூமிதானத் தொண்டர் ஜெகந்நாதன் அவருடைய நெருங்கிய சகா. இரண்டு தரம் துரத்தப்பட்டவரின் நடையில் வன்மம் தட்டுப்படவில்லை என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது, தைரியக் கணக்கிலா, தயவுக் கணக்கிலா? புளிக்கடைக்காரரைக் கேட்டால், கொசுறுக்குக் கணக்கு ஏது என்பார்.

மதுரையில் அந்த விருந்தாளிக்கு இலை போட்ட அன்று ரசமும் இருந்திருந்தால், அதற்குப் புளி சிறுமலை அடிவாரத்து மரம் ஏதோ ஒன்றிலிருந்துதான் போயிருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.