ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும்

காலேஜ் என்றால் பாடப் புத்தகம், பரீட்சை, மார்க்கு என்றுதான் நம் வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டிசைன் காலேஜில் பாடப் புத்தகம் அநேகமாகக் கிடையாது. பரீட்சையும் நமக்குத் தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் சட்டதிட்டங்கள் மட்டும் ஏராளம். என் பெண் சென்னையில் அப்படி ஒரு காலேஜில் சேர்ந்த முதல் வாரமே, நாலு பக்கத்துக்கு அச்சடித்த தாளைக் கொண்டுவந்து, "இதில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்" என்றாள். அவள் அப்பா வழக்கம்போலப் படிக்காமலே பேனாவைத் திறந்தார். நான் தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கடன் பத்திரமோ காலேஜ் பத்திரமோ, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிறந்த வீட்டுப் பழக்கம்.

காலை ஒன்பது மணிக்கு வகுப்புக் கதவு சாத்தப்படும் என்பது முதல் சட்டம். மூன்று நாள் தாமதமாக வந்தால் ஒரு நாள் வராததாகக் கணக்கு. செல்போன் பைக்குள் இருக்க வேண்டும். கட்டரால் அட்டை வெட்டும்போது அடியில் கட்டிங் மேட் வேண்டும்; பட்டறைக்குள் போனால் மூடின செருப்பு வேண்டும், கூந்தலை முடிந்திருக்க வேண்டும், துப்பட்டா தொங்கக் கூடாது. இதெல்லாம் சரி, விரல் பத்தும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமே!

அதற்குமேல் இருந்தவைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், குறித்த நாளில் அதைச் சுவரில் குத்தியாக வேண்டும். சரியாக வராத முயற்சி எதையும் தூக்கி எறியக் கூடாது. அதற்கும் மார்க்கு உண்டு. பிறர் வேலையைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லக் கூடாது. எது, ஏன் என்று சொல்ல வேண்டும். யாருடைய வேலையைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அவர், மற்றவர்கள் பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது!

"கோலம் போடத் தெரிந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இத்தனை பணம் கட்டி இதையா சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்றார் என் மாமியார்.

முதல் வேலையாக அவர்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு செய்தித்தாள். பசை கிடையாது. காகிதத்தை வீணாக்காமல் ஏதாவது செய்து கொண்டுவா என்று உத்தரவு. மூன்று நாள் எங்கள் கூடம் முழுவதும் காகிதக் குப்பை. விசாரித்துப் பார்த்தால் இது பெரிய பரம்பரை உள்ள விளையாட்டு. ஜெர்மனியில் வைமார் நகரத்தில் 1919-ல் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டிடக் கலைஞர் 'பௌஹௌஸ்' என்று ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அங்கே ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர் இதே மாதிரி செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவாராம். பிள்ளைகள் கோட்டை, கப்பல், பொம்மை என்று அமர்க்களப்படுத்தி வைத்திருப்பார்கள். திரும்பி வந்து அவர் மெச்சிக்கொண்டது, காகிதத்தை நீள வாக்கில் மடித்து நிறுத்தி வைத்திருந்த ஒரு பையனை. படுத்துக் கிடக்கிற காகிதம் ஒரு மடிப்பில் எழுந்து நிற்கிறதே, அதுதான் காகிதத்தின் குணம் என்றாராம்.

அந்தப் பாடமுறை நம் நாட்டுக்கு வந்ததிலும் ஒரு ருசி இருக்கிறது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகள் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958-ல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதை ஒட்டித்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் கழகம் தோன்றியது. அந்த அறிக்கையில் அவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பொருள் எது தெரியுமோ? நம் வீட்டுச் சொம்பு! எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கை எப்படிப்பட்டது, இடுப்பில் வைப்பதா தலையில் வைப்பதா, நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், காலியானால் எப்படி நிற்கும், உள்ளே கையை விட்டுத் தேய்க்க முடிகிறதா, கீழே வைத்தால் என்ன சத்தம் வரும், பழசானால் என்ன விலைக்குப் போகும் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டிருக்கிறார்கள். பாத்திரக் கடையில் நாம் கேட்கிற கேள்விகள்தாம். நாம் கேட்டால் அதற்குப் பெயர் பேரம்.

பௌஹௌஸ் கதையில் எனக்கு உறைத்தது இன்னொன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற்றுமை கிடையாது என்று சொல்லித்தான் அந்தப் பள்ளியைத் திறந்தார்கள். பெண்கள் நிறையப் பேர் வந்து சேர்ந்ததும், பெரும்பாலோரைத் தறிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி வேலை கற்க ஆசைப்பட்ட ஆன்னி என்ற பெண்ணும் வேண்டா வெறுப்பாகத் தறியில்தான் உட்கார்ந்தாள். பிறகு ஆல்பர்ஸுக்கு மனைவியான அவள் நெய்த துணிகளை 1949-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் தனிக் கண்காட்சியாக வைத்தது. அதற்கு முன் எந்த நெசவுக் கலைஞருக்கும் அங்கே அந்தக் கௌரவம் கிடைத்ததில்லை. அது அவள் சாமர்த்தியம். சட்டம் காகிதத்தில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. கடைப்பிடிக்கிற இடத்தில்தான் கோணிக்கொள்கிறது என்பதற்காகச் சொல்ல வந்தேன்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு அவள் அளவுகோலைக் கையில் எடுத்தால், "வாசலில் யார் பார்", "வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடு", "பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடு" என்று நாலு குரல். பத்தாவது படிக்கிற அவள் தம்பி கணக்கு நோட்டைத் திறந்தால் வீடே காலை மெதுவாக எடுத்து வைக்கும். காலேஜ்க்காரர்கள் நாலு பக்கம் எழுதியது அவளுக்கு. எங்களுக்கு யார் எழுதுவது? நானே எழுதினேன். ஆறிலிருந்து ஒன்பது வரை சாப்பாட்டு மேஜை அவளுடையது. அந்த நேரத்தில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. காப்பியும் மாத்திரையும் தம்பி பொறுப்பு. பழைய பேப்பர்க்காரருக்கு எதைப் போடுவதானாலும் அவளைக் கேட்டுப் போட வேண்டும். தம்பி இரண்டு நாள் முணுமுணுத்தான். மூன்றாம் நாள் காப்பி நன்றாகவே கலந்தான்.

எல்லாச் சட்டத்துக்கும் நான் தலையாட்டவில்லை. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வருகிற பெண்ணுக்கும் பக்கத்துத் தெருவிலிருந்து காரில் வருகிற பெண்ணுக்கும் அதே ஒன்பது மணி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மவுண்ட் போர்டு விற்கிற விலையில், கெட்டுப் போனால் வேறு வாங்கிச் செய் என்று சர்வசாதாரணமாக எழுதியிருப்பதும் பிடிக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டரே படம் போட்டுக் கொடுக்கிற காலம் அல்லவா? அதற்கும் ஒரு சட்டம் உண்டு. அனுமதித்த வேலைக்கு மட்டும் உபயோகிக்கலாம். உபயோகித்தால் சொல்ல வேண்டும். கூடவே கையால் போட்ட படங்களையும் காட்ட வேண்டும். அவள் அப்பா சோதனை செய்ய ஆசைப்பட்டுத் தம் போனிடம் ஒரு சொம்பு கேட்டார். நிமிஷத்தில் தகதகவென்று ஒன்று வந்தது. என் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகுதான் அப்பா. இதை எங்கே பிடித்துத் தூக்குவது?" என்றாள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதன்முறை சுவரில் குத்திப் பேசிய அன்று அவள் அழுதுகொண்டே வந்தாள். இருபது பேர் அவள் வேலையைப் பிரித்துப் போட்டார்களாம்; இவள் வாய் மூடி நின்றாளாம். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று சொல்லிச் சொல்லித்தானே பெண்களை வளர்க்கிறோம்? நாலு பேருக்குப் பதில் இருபது பேர் நேரிலேயே சொல்லிவிட்டார்கள். மறுநாள் இவள் சாப்பிட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனாள். நாலைந்து தடவைக்குப் பிறகு அழுகை நின்றது. என் சாம்பாரைப் பற்றி, "புளி முதலில் தெரிகிறது, பருப்பு பின்னால் வருகிறது" என்று அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தாள்.

அப்புறம்தான் நிஜமான சோதனை வந்தது. பருவ முடிவில் 'ஜூரி' என்று ஒன்று. வெளியிலிருந்து வருகிறவர்கள் முன்னால் வேலையை வைத்துப் பேச வேண்டும்; வராவிட்டால் பூஜ்யம். வீட்டில் தண்ணீர் எடுக்கும் பாத்திரம் ஒன்றை அவள் புதிதாக அமைத்திருந்தாள். அதே வியாழக்கிழமை கும்பகோணத்தில் என் மாமியாரின் தம்பிக்கு அறுபதாம் கல்யாணம்.

"படம் வரைகிற படிப்புத்தானே, ஒரு நாள் லீவு போட்டால் என்ன?" என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரல். போன வருஷம் என் மைத்துனர் பிள்ளை எஞ்சினியரிங் பரீட்சை என்று தன் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பிரசாதத்தை டப்பாவில் போட்டு ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள்!

"அத்தை, அவள் வரமாட்டாள். பக்கத்து வீட்டு மாமி துணைக்குப் படுத்துக்கொள்வார்கள். நாம் போய்விட்டு வரலாம்" என்றேன். கும்பகோணம் போய்ச் சேருகிறவரை மாமியார் என்னிடம் பேசவில்லை. அங்கே ஒவ்வொருவராக, "பேத்தி எங்கே?" என்று கேட்டார்கள். "பரீட்சை" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "பரீட்சை" என்று மாமியாரே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூரியில் அவளுக்கு 'பி' கிடைத்தது. வாய் குறுகல், தேய்க்கக் கை போகாது என்று ஓர் அம்மாள் சொன்னாராம். "அவர் சொன்னது சரிதான்" என்றாள் என் பெண்.

கும்பகோணத்திலிருந்து மாமியார் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி வந்திருந்தார். பேத்தி அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டிப் பார்த்து, இடுப்பில் வைத்துப் பார்த்தாள். "பாட்டி, நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். வாய் இவ்வளவு அகலம், கழுத்து மட்டும் ஏன் இப்படி இறுகியிருக்கிறது?"

"கயிறு கட்டித் தண்ணீருக்குள் விட்டால் நழுவாமல் இருக்க" என்றார் மாமியார். "நீ கிணறு எங்கே பார்த்தாய்? உட்கார், சொல்கிறேன்."