35ஆம் சாலையில் ஒரு வலசை

ஜனவரி முதல் வாரம். அமெரிக்காவின் வட விளிம்பில், சுப்பீரியர் ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரில் காலை ஏழரைக்கும் பொழுது விடியவில்லை. வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி காட்டுகிறது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், வயது 74, தன் வண்டியின் கண்ணாடியிலிருந்து உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். முன்னாள் நர்ஸான அவர் மனைவி, வயது 71, வீட்டின் தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறார். இனி மார்ச் கடைசி வரை இவர்களுக்கு வீடு இந்த வண்டிதான்.

வேன் முகப்பும் அதன் பின்னால் ஒரு குட்டி வீடும் சேர்ந்த, 8 மீட்டர் நீள மோட்டார் ஹோம் இது. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை. ஓட்டுநர் தலைக்கு மேலே பரண் போல இன்னொரு படுக்கை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். குளிர்காலத்தில் இதன் குழாய்களில் ஓடுவது தண்ணீர் அல்ல. இளஞ்சிவப்பு நிறத்தில் உறைதடுப்புத் திரவம். தண்ணீர் இருந்தால் உறைந்து குழாயை வெடிக்க வைத்துவிடும். எனவே உறைபனி எல்லையைத் தாண்டும் வரை குடிப்பதும் சமைப்பதும் கேன் தண்ணீரில்தான்.

இப்படிக் குளிருக்குப் பயந்து தெற்கே போகிறவர்களை அமெரிக்காவில் 'ஸ்னோபேர்டுகள்' என்கிறார்கள். பனிப் பறவைகள். வழக்கம் புதிதல்ல. 1919லேயே ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கம் தோன்றிவிட்டது. டப்பா உணவைச் சுமந்துகொண்டு, காரோடு கூடாரத்தையும் கட்டிக்கொண்டு தெற்கே வந்தவர்களின் சங்கம். 1956ல் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் நாடு முழுவதும் இன்டர்ஸ்டேட் சாலைகளைக் கொண்டுவந்தது. சாமானியரும் வண்டியை எடுத்துக்கொண்டு நாட்டைக் கடக்க முடிந்தது. ஒற்றைப்படை எண் கொண்ட சாலைகள் வடக்கு தெற்காக ஓடுகின்றன. டுலூத்தில் தொடங்கும் 35ஆம் சாலை, சுமார் 2,500 கி.மீ. ஓடி மெக்ஸிகோ எல்லையில் லரேடோவில் முடிகிறது.

இந்தத் தம்பதிக்கு அது வெறும் சாலை அல்ல. அவர்களுடைய குடும்பமே அதன் ஓரத்தில்தான் சிதறிக் கிடக்கிறது. மகள் ஐயோவாவின் டி மொய்னில். கணவரின் அக்கா கான்ஸாஸின் விச்சிட்டாவில். மகன் டெக்ஸாஸின் ஆஸ்டினில். இந்த ஆண்டு மூன்று வீடுகளிலும் ஒரே கேள்வி காத்திருக்கிறது: இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போகிறீர்கள்?

கேள்விக்குக் காரணம் உண்டு. கணவரின் இடது கண் மங்கி வருகிறது. இருட்டில் எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டால் சில விநாடிகள் எதுவும் தெரிவதில்லை. போன மார்ச்சில் திரும்பி வரும்போது பெட்ரோல் பங்க்கின் இரும்புக் கம்பத்தில் வண்டியின் பக்கவாட்டை உரசிவிட்டார். சின்னக் கீறல்தான். ஆனால் அதன் புகைப்படம் மகளிடம் இருக்கிறது.

மின்னசோட்டாவைத் தாண்டி ஐயோவாவுக்குள் நுழைந்ததும் நிலம் தட்டையாகிவிடுகிறது. அறுவடை முடிந்த சோள வயல்கள், பனி மூடி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. தடுக்க ஒரு குன்று கிடையாது. பெட்டி போன்ற வண்டியைப் பக்கக் காற்று தள்ளுகிறது. பெரிய லாரி ஒவ்வொன்றும் கடந்து போகும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சாலைக்கு மேற்கே சற்றுத் தள்ளி ஃபாரஸ்ட் சிட்டி. மோட்டார் ஹோம் என்றாலே அமெரிக்கர்களின் வாயில் வரும் வின்னபாகோ என்ற பெயர் பிறந்த ஊர். 1958ல் தொடங்கிய தொழிற்சாலை, 1966ல் மோட்டார் ஹோம் தயாரிக்க ஆரம்பித்தது. பெயர் அந்த மாவட்டத்தின் பெயர். மாவட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது, 19ஆம் நூற்றாண்டில் அரசாங்கத்தால் மீண்டும் மீண்டும் இடம் பெயர்க்கப்பட்ட ஒரு பழங்குடி இனத்திடமிருந்து. விருப்பப்பட்டு ஊர் சுற்றுகிறவர்களின் வண்டியில், விரட்டப்பட்டவர்களின் பெயர்.

டி மொய்னில் மகள் வீட்டில் விருந்தினர் அறை தயாராக இருக்கிறது. ஆனால் பெற்றோர் வண்டியை வாசலில் நிறுத்தி, வண்டியிலேயே தூங்குகிறார்கள். நம்மூர்க் கண்ணுக்கு இது விசித்திரம். அவர்கள் கணக்கு வேறு. சொந்தக் கட்டில், சொந்தத் தலையணை, கைக்கெட்டும் இடத்தில் மாத்திரைகள். விடியற்காலை நாலு மணிக்கு விழித்துக் காபி போட்டால் மருமகனின் தூக்கம் கெடாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற நம்மூர்ப் பழமொழியை அவர்கள் கேட்டதில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் கிளம்பிவிடுகிறார்கள். குளிக்க மட்டும் வீட்டுக்குள் போகிறார்கள். மின்சாரம் வீட்டிலிருந்து ஒரு நீள ஒயர் வழியாக வருகிறது. ஹீட்டரையும் காபி மெஷினையும் சேர்ந்தாற்போல் போட்டால் ஃபியூஸ் போய்விடும். எட்டு வயதுப் பேத்திக்கோ பரண் படுக்கைதான் சொர்க்கம். இரண்டு இரவும் அவள் அங்கேதான்.

பேத்தி தூங்கிய பிறகு மகள் பேச்சை எடுக்கிறாள். வண்டியை விற்றுவிடலாம், விமானத்தில் போகலாம், தெற்கே ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுக்கலாம். அவள் சொல்வதில் தவறில்லை. அப்பா பதில் சொல்லாமல் டயரில் காற்று பார்க்கப் போய்விடுகிறார்.

கான்ஸாஸில் எம்போரியாவைத் தாண்டினால் ஃபிளின்ட் ஹில்ஸ் மேடுகள். ஒரு காலத்தில் நடு அமெரிக்காவையே மூடியிருந்த உயரப் புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு நாலு பங்கு கூட இல்லை. அதில் பெரும்பகுதி இங்கேதான். மண்ணுக்கடியில் கல் இருந்ததால் ஏர் இறங்கவில்லை, புல் பிழைத்தது. குளிர்காலத்தில் செம்பு நிறமாகக் காய்ந்து கிடக்கிறது. இன்னும் தெற்கே, ஓக்லஹோமாவில், பழைய சிஷோம் தடத்தை ஒட்டி ஓடுகிறது சாலை. 1867லிருந்து சுமார் இருபது ஆண்டுகள் டெக்ஸாஸின் மாட்டு மந்தைகள் வடக்கே ரயிலடிக்கு ஓட்டிச் செல்லப்பட்ட வழி அது.

விச்சிட்டாவில் அக்காவுக்கு 83 வயது. முதியோர் இல்லத்தில் தனியறை. அவரும் கணவரும் இதே தெற்குப் பயணத்தைப் பல ஆண்டுகள் செய்தவர்கள். தம்பிக்கு இந்த ஆசையைத் தொற்ற வைத்ததே அவர்தான். கணவர் இறந்தபின் வண்டியை விற்றுவிட்டார். அதை ஓட்டுவதற்கு அவர் பழகியதே இல்லை. இந்த முறை அவரால் வண்டிக்குள் ஏற முடியவில்லை. படி உயரம். தம்பி மனைவி காபியை வெளியே எடுத்து வருகிறார். சக்கர நாற்காலியில், கம்பளி போர்த்தி, வண்டியின் திறந்த கதவுக்கு எதிரே அமர்ந்து அரை மணி நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே குடிக்கிறார் அக்கா. கிளம்பும்போது அவர் பேசியது தம்பியிடம் அல்ல, தம்பி மனைவியிடம். இதை ஓட்டக் கற்றுக்கொண்டாயா என்று கேட்கிறார்.

ஆஸ்டினில் மகன் வீட்டு வாசலில் ஒரே ஒரு இரவுதான். அந்தக் காலனியின் குடியிருப்போர் சங்க விதிப்படி இப்படிப்பட்ட வண்டிகள் அதற்கு மேல் நிற்கக் கூடாது. அமெரிக்காவின் பல காலனிகளில் இந்த மாதிரி விதி உண்டு. மறுநாள் வண்டி நகரின் தென்கிழக்கில் உள்ள மெக்கின்னி ஃபால்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போகிறது. மகன் குடும்பம் சாப்பாட்டோடு அங்கே வருகிறது. யார் யாருக்கு விருந்தாளி என்று தெரியவில்லை. இங்கேதான் இளஞ்சிவப்புத் திரவத்தை வெளியேற்றிக் குழாய்களைக் கழுவுகிறார்கள். கேன் தண்ணீருக்கு விடுதலை.

சான் அன்டோனியோவுக்குப் பிறகு 35ஆம் சாலையை விட்டுப் பிரிந்து நேர் தெற்கே சுமார் 390 கி.மீ. இந்தத் தூரம் முழுவதையும் ஓட்டியது மனைவி. அவருக்கு லைசென்ஸ் எப்போதும் உண்டு. பெரிய வண்டியை நெடுந்தூரம் ஓட்டுவது இதுவே முதல் முறை. கணவர் பக்கத்தில் வரைபடத்தோடு உட்கார்ந்து, முதல் ஒரு மணி நேரம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். ஃபால்ஃபூரியாஸ் தாண்டியதும் தூங்கிவிட்டார்.

ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பனை மரங்கள், ஆரஞ்சுத் தோப்புகள். ஜனவரியிலும் பகலில் 20 டிகிரிக்கு மேல். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே 'வின்டர் டெக்ஸன்ஸ்' என்று மரியாதையான பெயர். 55 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமேயான வண்டிப் பூங்காக்கள் நிறைய. 1995ன் ஒரு சட்டம் இப்படிப்பட்ட முதியோர் குடியிருப்புகளை அனுமதிக்கிறது. ஒவ்வொரு இடத்துக்கும் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு. காலையில் அரட்டையோடு பான்கேக், மாலையில் கிடாரும் நடனமும். பல்லில் கோளாறு என்றால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பாலத்தில் நடந்து ஆற்றைக் கடந்து மெக்ஸிகோவின் நுவேவோ புரோக்ரெஸோவுக்குப் போகிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் அடிப்படைத் திட்டம் சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை; ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டணம் மிகக் குறைவு.

தெற்கு எப்போதும் காப்பாற்றும் என்பதும் இல்லை. 2021 பிப்ரவரியில் கடுங்குளிர் டெக்ஸாஸின் இந்த மூலை வரை துரத்திக்கொண்டு வந்தது. மாநிலம் முழுவதும் மின்சாரம் அறுந்து, குழாய்கள் வெடித்து, 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆரஞ்சுத் தோப்புகளும் கருகின.

மாலை நடையில் தம்பதி பார்ப்பது வேறொன்று. பூங்காவின் ஒவ்வொரு வரிசையிலும் ஓரிரு வண்டிகளின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டை. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதை. ஓட்டியவர் போய்விட்டார் அல்லது ஓட்ட முடியாமல் போய்விட்டது. கூட இருந்தவர் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

அடுத்த குளிர்காலத்துக்கு இதே இடம் வேண்டுமானால் பிப்ரவரிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். மனைவி கட்டிவிட்டார். அன்றிரவே மகளுக்கு போன் செய்து நிபந்தனைகளைச் சொன்னார்: ஓட்டுவது இனி அவர், ஒரு நாளைக்கு 300 கி.மீ.க்கு மேல் இல்லை. இருட்டும் முன் நிறுத்திவிட வேண்டும். ஒரு குளிர்காலம் மட்டும், அதற்குப் பிறகு பேசலாம். கணவர் வெளியே நின்று, பெட்ரோல் பங்க்கில் விழுந்த கீறலுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.