பின்னறையில் வைத்த காணிக்கை



இவ்வாரம் என் தவறொன்றை உங்களிடம் அறிக்கையிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அறுப்பின் பண்டிகையன்று, பிள்ளையார்பாளையத்தில் கோர்வைத் தறிக்குத் துணையாளாக அமர்ந்து கரைக்கான நாடாவை வீசும் விதவைத் தாயார் ஒருவர் காகிதப் பொட்டலமொன்றைக் கொண்டுவந்தார். கோவளத்திலுள்ள அவருடைய தங்கை கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு அது. திருப்பீடத்தின் முன் பூசணிகளும் வாழைத்தார்களும் ஒரு பட்டுச்சேலையும் வைக்கப்பட்டிருந்தன. வாடை பட்டில் ஏறிவிடுமென்று எண்ணி, பொட்டலத்தைப் பின்னறையில் வைக்கச் சொன்னேன், ஏலத்தின்போது மறந்தும்போனேன். "பரவாயில்லைங்க ஐயா, சின்னதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் சென்றார். அன்றிரவு அச்சொல் என்னை உறங்கவிடவில்லை.

நெத்திலி சிறியதுதான். வெப்பக் கடல்களின் கரையோரம் கூட்டங்கூட்டமாகத் திரியும் இம்மீனின் பல வகைகள் 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று அது வாழ்கிறது. அதைத் தின்று வஞ்சிரமும் சூரையும் கொழுக்கின்றன. நாம் விலைகொடுத்து வாங்கும் பெருமீனின் சதையில் நெத்திலியின் பங்கும் உண்டு. முள்ளோடு உண்ணப்படுவதால், எளியோர் வீட்டுப் பிள்ளைகளின் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தையும் அது தருகிறது.

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் பயின்றபோது அறிந்த ஒன்று அவ்விரவில் நினைவுக்கு வந்தது. ஆண்டவர் ஐயாயிரம் பேரைப் போஷித்ததை எழுதும்போது, மற்ற மூன்று சுவிசேஷகரும் மீனுக்குரிய பொதுச்சொல்லையே வழங்குகின்றனர். யோவான் மட்டும் 'ஒப்சாரியோன்' என்கிறார். அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சிறுமீன் என்பது பொருள். கலிலேயாவின் மீன் நம் நெத்திலியன்று; எளியோர் உணவில் இரண்டுக்கும் இடம் ஒன்றே. அந்திரேயா அதன் சிறுமையைக் கண்டு ஐயப்பட்டான். ஆயினும் அதை ஆண்டவரிடம் தெரிவித்தான். நானோ பின்னறைக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏலத்தொகையாக என் பணத்தைச் சபைக் கணக்கில் செலுத்தி, பொட்டலத்துடன் அத்தாயாரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதிலேயே ஒரு கைப்பிடி எடுத்து வறுத்து, சோற்றோடு எனக்குப் பரிமாறினார். மன்னிப்பின் சுவையை அன்று அறிந்தேன்.

பிரியமானவர்களே, யாருடைய காணிக்கையை நீங்கள் பின்னறையில் வைத்திருக்கிறீர்கள்? பிள்ளை தீட்டிய படமோ, முதிய பெற்றோரின் பேச்சோ, ஏழை உறவினரின் அழைப்போ, இவ்வாரமே அதை வெளியே எடுங்கள். உங்கள் சொந்தக் காணிக்கையையும் சிறியதென்று மறைக்காதிருங்கள். வாங்கும் கரம் ஆண்டவருடையது.

அவருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.