யானைமலை அடிவாரத்தில் ஒரு காலை நடை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஒத்தக்கடையை நெருங்கும்போதே, கால் மடக்கிப் படுத்திருக்கும் பெரிய யானையைப் போன்ற ஒரு பாறைமலை கண்ணில் படும். அதுவே யானைமலை. சோழன் பொருட்டுச் சமணர்கள் வேள்வியில் தோற்றுவித்து ஏவிய யானையைச் சோமசுந்தரப் பெருமான் நரசிங்கக் கணையால் வீழ்த்தினார் என்றும், அந்த யானையே இம்மலையாயிற்று என்றும் திருவிளையாடற் புராணம் கூறும்.

இம்மலையடிவாரத்து நரசிங்கப் பெருமாளைச் சேவிக்க வருவோர் பலர். சேவித்தவுடன் பேருந்தைப் பிடிக்கத் திரும்பிவிடுவதே வழக்கம். ஓய்வுபெற்ற பின் கிடைத்த நேரத்தில், கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரின் வழிகாட்டுதலில், ஏறத்தாழ இருபது பேருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இம்மலையடிவாரத்தை நடந்தே காணும் பேறு அடியேனுக்கு வாய்த்தது.

முதலில் நரசிங்கர் சன்னிதி. மலையைக் குடைந்து அமைத்த கருவறையில் யோக நரசிம்மராக எழுந்தருளியிருக்கிறார் பெருமாள். தாயார் நரசிங்கவல்லி. இக்குடைவரையை எடுப்பித்தவர், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சராக விளங்கிய மாறன் காரி. ஆண்டு கி.பி. 770. ஆனால் நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்பே அவர் விண்ணுலகு எய்தினார். அவருக்குப்பின் அமைச்சர் பதவி ஏற்ற தம்பி மாறன் எயினன், முகமண்டபம் எடுத்து, நீர் தெளித்து, அண்ணன் தொடங்கிய திருப்பணியை நிறைவேற்றினார். வடமொழியிலும் தமிழ் வட்டெழுத்திலும் இச்செய்தி இன்றும் அங்கே கல்லில் உள்ளது. அண்ணனின் பெயரை மறைக்காமல், அவர் செய்தது இவ்வளவு, தாம் செய்தது இவ்வளவு என்று தம்பி பிரித்து எழுதி வைத்த நேர்மையை எண்ணி, கணக்குப் புத்தகங்களோடு வாழ்நாளைக் கழித்த அடியேன் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அங்கிருந்து சில நிமிட நடையில் லாடன் கோயில். இதுவும் பாண்டியர் காலக் குடைவரையே. சிறிய கருவறையில் முருகப்பெருமான் தெய்வானையுடன் அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார். கூட்டம் இல்லை, ஆரவாரம் இல்லை. மலைக்காற்றே அவருக்குச் சாமரம்.

பிறகு பாறைச் சரிவில் மெல்ல ஏறினோம். கவிந்து நிற்கும் ஒரு பெரும்பாறையின் முகத்தில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை முதலிய சமணத் திருவுருவங்கள் வரிசையாக உள்ளன. சிலவற்றில் பழைய வண்ணப்பூச்சின் சாயல் இன்னும் மறையவில்லை. இவற்றுள் ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் சமணப் பெரியார். உருவங்களின் கீழே வட்டெழுத்தில் பொறித்திருப்பதைப் பெரியவர் விரல் படாமல் சுட்டிக்காட்டி வாசித்தார். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘ரட்சை’. அதாவது, இத்திருமேனி இன்னாருடைய பாதுகாப்பில் உள்ளது என்பது பொருள். அவ்வாறு காக்கும் பொறுப்பை ஏற்றவர்களுள் நரசிங்கமங்கலத்துச் சபையாரும் இருந்தனர்!

இதுதான் என் நெஞ்சைத் தொட்டது. நரசிங்கப் பெருமாளின் பெயர் தாங்கிய ஊரின் சபை, தன் மலையில் இருந்த பிற சமயத்தாரின் திருவுருவங்களுக்குக் காவலாக நின்றிருக்கிறது. சமயப் பூசலைப் புராணம் வழியாகக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதே மலையின் கல்லோ, அண்டை வீட்டாராக வாழ்ந்தவர்களின் கதையையும் சொல்கிறது. இரண்டையும் கேட்பதே முறை என்று தோன்றியது.

மலையின் மேற்புறத்துக் குகைத்தளத்தில் துறவியர் படுக்கைகளும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டும் உள்ளன. அதில் இம்மலையின் பெயர் ‘இவ குன்றம்’; ‘இவம்’ என்றால் யானை. அன்றும் இது யானைமலைதான்!

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இம்மலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தது. மலையே எங்கள் சாமி என்று ஊர்மக்கள் திரண்டெழுந்து அதைத் தடுத்தனர். மதுரை வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் கல்லுடைப்பில் கரைந்துபோயின, இது நிலைத்திருக்கிறது. கல்லில் எழுதிய ‘ரட்சை’யை நம் காலத்தில் கடைப்பிடித்தவர்கள் அந்த எளிய மக்களே.

மாசி மாதத்தில் திருமோகூர் காளமேகப் பெருமாள் இங்கு எழுந்தருளி, கஜேந்திர மோட்ச விழா கோலாகலமாக நடைபெறும். மற்ற நாட்களில் கோயிலும் ஊரும் அமைதியாக இருக்கும். மூத்த அன்பர்கள் வெயில் ஏறுமுன் சென்றுவிடுவது நல்லது. நரசிங்கர், லாடன் கோயில் இரண்டும் அடிவாரத்திலேயே இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் தரிசிக்கலாம். பாறை ஏற விரும்புவோர் கைத்தடியும் குடிநீரும் கொண்டு, துணையோடு செல்லுங்கள். சிற்பங்களைத் தொட வேண்டாம். திருநீறும் எண்ணெயும் பூச வேண்டாம். முடிந்தால் பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் சென்று ‘ரட்சை’ என்ற அந்தச் சொல்லைக் காட்டுங்கள். இனிக் காக்க வேண்டியவர்கள் அவர்கள்தாமே!