ஒன்பது குடம்

மோட்டார் கெட்டுப்போகவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2022இல் முதுகலை வரலாறு படிக்கத் திருநெல்வேலிக்கு வந்தேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருப்பது ஊருக்கு வெளியே, தென்காசிச் சாலையில் அபிஷேகப்பட்டியில். நான் அறை எடுத்தது டவுனில். டவுன் என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர்; ரயில் நிற்பது ஜங்ஷன்; தாமிரபரணி ஆற்றுக்கு அக்கரை பாளையங்கோட்டை. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் நடத்துநரே உங்களை வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே கண்மாய் நிறைந்தால் செய்தி. நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அம்மா கிளம்பினால் திரும்ப இரண்டு மணி நேரமாகும். வீட்டில் ஒரு பாத்திரம் காலியாக இருந்தால் அப்பத்தாவுக்குத் தூக்கம் வராது. அந்தத் தூக்கமின்மையைத் துணிமணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் வாரம் இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். தீபாவளிக்குள் ஒன்பது ஆகியிருந்தது. விடியற்காலை நாலரைக்கே எழுந்து குளித்து, துவைத்து, ஒன்பதையும் நிறைத்து, மிச்சம் வாளி, டிபன் டப்பா என்று எது கிடைத்தாலும் நிறைப்பேன். மொட்டைமாடித் தொட்டி சின்னது. கீழே இருந்த இரண்டு குடும்பத்துக்கும் ஏழு மணிக்கெல்லாம் குழாயில் காற்றுதான் வந்தது.

வீட்டுக்கார ஆச்சி மோட்டார் பார்க்க ஆள் கூட்டிவந்தார். வந்தவர் கழற்றினார், மாட்டினார், பழுது ஒன்றும் இல்லை. இருந்தாலும் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். நான் மாடிப்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

என்ன புத்தகம் என்பதைச் சொல்லத்தான் கூச்சம். தாமிரபரணிப் பாசனம்! பழைய அணைக்கட்டுகள் எட்டு. கடைசியான ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் வெள்ளைக்காரன் ஆட்சிக்கு முந்தியவை. இவை பெரிய அணைகளைப் போலத் தேக்கி வைப்பவை அல்ல. வேண்டியதைக் கால்வாயில் திருப்பிக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுபவை. மேலே கோடகன் கால்வாய்க்கு அணை கட்டக் கல் அடுக்கியவன், கீழே மருதூரில் நாற்று நடப்போகிறவனையும் நினைத்திருக்கிறான் என்று குறிப்பேட்டில் எழுதினேன். நல்ல வாக்கியம் என்று எனக்கே தோன்றியது.

மாட்டிக்கொண்டது கார்த்திகையில். கொசுப்புழு பார்க்க மாநகராட்சிப் பணியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு அக்கா என் குடங்களுக்குள் டார்ச் அடித்தார். நாலு குடத்தில் புழு நெளிந்தது. பின்னாலேயே ஏறி வந்த ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, கல்யாண வீடா?" என்று மட்டும் கேட்டார். வந்த புதிதில் இந்த 'லே'வை வசவு என்று நினைத்து இரண்டு நாள் அவரிடம் பேசாமல் இருந்தவன் நான். அன்றைக்குத் திட்டியே இருக்கலாம் என்றிருந்தது.

மறுநாள் ஆச்சி வெள்ளன எழுப்பிவிட்டு, ஆற்றில் குளிக்கக் குறுக்குத்துறைக்கு அனுப்பினார். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் முழுகும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். நீரைக் கிழிக்கும்படி படகின் முனைபோல ஒரு பக்கம். பொதிகையில் பிறந்து இரண்டு பருவமழையும் குடித்து வருகிற ஆறு முன்னால் ஓடுகிறது. நான் படித்துறையில் குந்திக்கொண்டு பிளாஸ்டிக் கப்பால் மொண்டு மொண்டு குளித்தேன். அதிலும் தண்ணீர் வீணாகாதபடி, கணக்காக. பக்கத்தில் துண்டு அலசிய அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். "தம்பிக்கு எந்தூரு?" என்றார். சொன்னேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

(அந்த ஆற்றில் ஊர்ச் சாக்கடையும் கலக்கிறது. பெருமை பேசும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.)

கப்பைக் கைவிட ஒரு மாதம், இடுப்பளவுக்கு இறங்க இன்னொரு மாதம். நீச்சல் இன்றைக்கும் அரைகுறைதான். ஒன்பதில் ஏழு குடத்தைப் பழைய சாமான் கடையில் போட்டேன்.

பிறகு 2023 டிசம்பர் 17, ஞாயிறு. பெருமழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். குறுக்குத்துறைக் கோயிலை வெள்ளம் மூடிவிட்டது; கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசைச் சுற்றித் தண்ணீர். ஆற்றிலிருக்கிற உறைகிணறுகளிலிருந்துதான் ஊருக்குக் குடிநீர் ஏறுகிறது. வெள்ளமும் வந்து கரண்டும் போனால்? எங்கள் தெருவில் குழாய் நின்றது. ஊரெல்லாம் தண்ணீர், குடிக்க இல்லை.

"ஏலே, ஒன் கொடமெல்லாம் எங்கல?" என்றார் ஆச்சி.

இரண்டுதான் இருந்தது. தண்ணீர் லாரி வந்த அன்று கீழ்வீடுகளில் இருந்த பானை, தவலை, எண்ணெய் டின் எல்லாவற்றையும் திரட்டினேன். தெருமுனைக் காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, எங்கள் ஊர் அடுக்காக, ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவே கந்தல் கொடுத்து அடுக்கினேன். முதல் நடை ஆச்சியும் கூட வந்தார், ஒரு கையால் தவலையைப் பிடித்தபடி.

"அந்த மோட்டாருக்குக் குடுத்த முந்நூறு ரூவா, ஆச்சி..." என்று ஆரம்பித்தேன்.

"அது அன்னைக்கே தெரியும்ல" என்றார். "பைய உருட்டு. முன்னால பள்ளம்."