குண்டு மிளகாயும் அடுத்த தெரு வேலையும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் கேள்வி-பதில் பகுதியில் முதுகுளத்தூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: ‘ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் எங்கள் வத்தலுக்கு விலை கூடவில்லையே, ஏன்?’ அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியும் என்று பதில் வந்திருந்தது. சரியான பதில்தான். ஆனால், கமுதிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரியில் அதே குண்டு மிளகாய் போடுகிற எனக்கு அது பாதி பதிலாகத்தான் தெரிந்தது. மீதிப் பாதியை என் அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

குறியீடு வந்தது 2023-ல். அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். “இனி நம்ம வத்தல் கப்பல் ஏறும்ணே” என்றார்கள். அடுத்த பங்குனியிலும் என் வத்தல் ஏறியது மினி லாரிதான். புரட்டாசியில் விதைப்புச் செலவுக்கும் களையெடுப்புக்கும் ஒரு கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தேன். வாங்கிய இடத்தில்தான் வத்தலைப் போட வேண்டும், அது எழுதாத சட்டம். கோணிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்கள். வெளுத்த காய் கொஞ்சம், காம்போடு மண் கொஞ்சம். அந்த ஒரு பிடிக்குத்தான் மொத்தச் சரக்குக்கும் விலை. புவிசார் குறியீடு பற்றி அங்கே யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறான். அவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “அப்பா, இங்கே பஞ்சு விளையுறதே இல்ல. ஆனா நூலுக்கு ஒரு ஆளு, சாயத்துக்கு ஒரு ஆளு, காஜா அடிக்க, பட்டன் வைக்க, பெட்டி செய்ய எல்லாத்துக்கும் தனித்தனி ஆளு. எல்லாம் பத்து கிலோமீட்டருக்குள்ள. நம்ம ஊர்ல மிளகாய் போடுறவங்க மட்டும்தானே இருக்காங்க?”

படித்தவர்கள் இதைத்தான் தொழில் தொகுப்பு என்கிறார்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரே தொழில்காரர்கள் ஓரிடத்தில் கூடினால் வேலை தெரிந்த ஆட்கள் அங்கேயே கிடைப்பார்கள், துணைத் தொழில்கள் தானாக வந்து சேரும், ஒருவர் கண்டுபிடித்த நுணுக்கம் காற்றில் பரவுவதுபோல் மற்றவருக்கும் போய்விடும் என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கள் வட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் மிளகாய்தான். அப்படியானால் நாங்களும் தொகுப்புதானே என்று நினைத்திருந்தேன். ஆயிரம் பேர் ஒரே வேலையைச் செய்தால் கூட்டம்தான் சேரும் என்பது சிவகாசிக்குப் போய்வந்த பிறகே புரிந்தது.

தங்கையைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். போன தையில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, வேலை செய்கிற இடத்தைப் பார்க்கக் கூட்டிப் போனார். நாங்கள் நிற்கும்போதே மெஷினில் ஒரு ரோலர் பழுதாகிவிட்டது. அன்றைய நாள் போச்சு என்று நான் நினைத்தேன். அடுத்த தெருவில் இருந்து ஒருவர் வந்து கழற்றிக்கொண்டு போனார், சாப்பாட்டு நேரத்துக்குள் மாட்டிவிட்டார். “இதுக்கெல்லாம் மெட்ராஸ் போக வேண்டியதில்ல மச்சான். பேப்பர் வெட்டுறவரு, பிளேட் போடுறவரு, பசை விக்கிறவரு எல்லாம் இந்த நாலு தெருதான்” என்றார் மாப்பிள்ளை.

சிவகாசியும் வானம் பார்த்த பூமிதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதற்காக அச்சு வந்தது. தீப்பெட்டி மருந்து தெரிந்தவர்கள் பட்டாசுக்குப் போனார்கள். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், அச்சு இன்னும் வளர்ந்தது. பிறகு லேபிளைத் தாண்டி காலண்டர், டைரி, நோட்டு என்று அச்சே தனித் தொழிலாக நின்றுவிட்டது. ஒரு வேலையின் தேவை அடுத்த வேலையைப் பக்கத்துத் தெருவில் பிறக்கவைத்திருக்கிறது. (வெடி விபத்துகளும், ஒரு காலத்தில் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டிய கதையும் அந்த ஊரின் கணக்கில் உண்டு. அதை மறைத்துப் புகழ நான் தயாராக இல்லை.)

1985 வரை சிவகாசியும் நாங்களும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அதன் பிறகுதான் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று மூன்றானோம். ஒரே கலெக்டர், ஏறக்குறைய ஒரே மழை, ஒரே வறட்சி நிவாரணம். பின்தங்கிய இடம் நாளாவட்டத்தில் முன்னேறிய இடத்தை எட்டிப் பிடித்துவிடும் என்று பொருளாதாரத்தில் ஒரு வாதம் இருக்கிறதாம். எங்கள் பழைய மாவட்டத்தைப் பார்த்தால் அது தானாக நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. 2018-ல் மத்திய அரசு, வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் இருந்து இரண்டே பெயர்கள். ஒன்று ராமநாதபுரம். இன்னொன்று சிவகாசி இருக்கிற விருதுநகர்! அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. தொகுப்பு வளர்ந்தால் அந்த நாலு தெரு வளரும். நாற்பது மைல் தள்ளி இருக்கும் மானாவாரிக் காட்டுக்கு அது நடந்து வருவதில்லை.

பெரிய முதலீடு வந்தால் மாறிவிடும் என்பார்கள். எங்கள் கமுதியிலேயே 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது, உலகம் பேசியது. கட்டும்போது எங்கள் பையன்களுக்கு நல்ல வேலை. கட்டி முடித்த பிறகு பலகை துடைக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலிக்குப் பக்கத்தில் அதைச் சார்ந்து ஒரு பட்டறைகூட முளைத்ததாக நான் பார்க்கவில்லை.

கடற்கரைப் பக்கமும் இதே கதைதான். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிகளில் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி, 45 நாளில் கடற்பாசி எடுக்கிறார்கள். கப்பாபைகஸ் என்ற அந்தப் பாசியை மண்டபம் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் கொண்டுவந்தார்கள். 2013 வாக்கில் பாசி பெருமளவில் அழிந்தது, பல குடும்பங்கள் தொழிலையே விட்டன. நான் மிளகாய்க்குத் தெளிக்கிற கடற்பாசிச் சாறு இந்தப் பாசியில் இருந்து எடுப்பதுதான். சாறு எடுக்கிற ஆலைகள் மானாமதுரையிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கின்றன. கடல் எங்களுடையது, பாட்டில் அங்கிருந்து வருகிறது. தொண்டி அருகே வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சாறு எடுக்கிற வேலையும் பரிசோதிக்கிற வேலையும் அங்கேயே வந்தால் அந்தப் பெண்களுக்கு இரண்டாவது வருமானம் பிறக்கும்.

மிளகாய்க்கு வருகிறேன். எங்களிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. எட்டிவயலில் வேளாண் விற்பனைத் துறையின் மிளகாய் வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். இதை முன்பே தெரிந்து பயன்படுத்தியிருந்தால் அந்தப் பங்குனியில் நான் மண்டியில் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டேன். உணவு பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு 35 சதவீத மானியம், வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, இரண்டும் 2020-ல் வந்த திட்டங்கள். ஒரே தொழிலுக்கு இரண்டையும் சேர்த்துப் பெறவும் வழி உண்டு. (இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அந்த 2018 திட்டத்தின் முதல் மந்திரமே ‘ஒருங்கிணைப்பு’தான். பல துறைத் திட்டங்களும் ஓரிடத்தில் வந்து சேர வேண்டும் என்று பொருள். என் அனுபவத்தில், சேர்க்கிற வேலை விவசாயியின் செருப்புக்குத்தான் விழுகிறது. ஒரு அலுவலகத்தில் இடத்துக்குச் சான்று கேட்டார்கள், இன்னொன்றில் வங்கிக் கடிதம் கேட்டார்கள், வங்கியில் மானிய ஆணை கேட்டார்கள். மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக் கணக்குப் பிள்ளைதான் எல்லாத் தாளையும் ஒரே கோப்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது நிறுவனத்தில் ஒரு விவாதம் ஓடுகிறது. பாதிப் பேர் மிளகாய்த்தூள் ஆலை வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தூளுக்குப் பெரிய கம்பெனிகளோடு போட்டி. அவர்கள் விளம்பரத்துக்குச் செலவழிப்பதை நாம் கனவிலும் பார்க்க மாட்டோம். குண்டு மிளகாயின் பெருமை அதன் உருண்டையும் தடித்த தோலும். சாம்பாருக்கும் குழம்புக்கும் முழுசாகத் தாளிக்கத்தான் கேட்கிறார்கள். அதனால் முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலைகள்: மண்ணிலும் ரோட்டிலும் போடாமல் தார்ப்பாயில் காயவைப்பது, ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கியதை மீட்டர் வைத்துப் பார்ப்பது, காம்பு கிள்ளுவது, வெளுத்ததைப் பிரிப்பது, சல்லடையில் அளவு பிரிப்பது, கால் கிலோவும் அரைக் கிலோவுமாகப் பை போட்டுக் குறியீட்டு முத்திரையோடு விற்பது. இதில் ஒவ்வொன்றும் ஊரில் ஒருவருக்கு வேலை. மீட்டரைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும், பை அச்சடிக்க ஒருவர் வேண்டும். அச்சுக்கு மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன், முதல் பைக்கட்டு சிவகாசியில் இருந்து வரட்டும்.

ஆளுக்கு 50,000 ரூபாய் பங்கு போட வேண்டும் என்று தீர்மானம் வந்திருக்கிறது. என் மனைவி தன் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “மண்டிக்காரருக்கு அடமானம் வைக்கிறதுக்கு இதுக்கு வைக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மகன், “முதல் வருஷம் ஓடட்டும்பா, பிறகு வர்றதைப் பத்தி யோசிக்கிறேன்” என்கிறான். வளையல் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை கூட்டம்.

அதற்குள் ஒரு விவரம் வேண்டும். கூலிக்குக் காம்பு கிள்ளினால் கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள், ஒரு நாளில் ஒருவர் எத்தனை கிலோ கிள்ளுகிறார், கிள்ளிய பிறகு எடை எவ்வளவு குறைகிறது? விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கம் செய்து பார்த்த வாசகர்கள் இருந்தால் அடுத்த இதழுக்குள் எழுதுங்கள். என் கணக்கில் அந்த ஒரு வரி மட்டும்தான் காலியாக இருக்கிறது.